பேன் பார்க்கவும்

பிப்ரவரி 16

இந்த நோட்டை எழுதச் சொன்னவர்கள் தங்கமுத்துவும் அவர் மனைவி வளர்மதியும். தங்கமுத்து, நேத்ராவைப் பெற்ற அப்பாவின் அண்ணன். சென்னிமலையில் தறி ஓட்டுகிறார். காலையில் இரண்டு பேரும் வந்து, வைத்த டீயைத் தொடாமல் உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொன்னார்கள்.

"பரீட்சை முடியட்டுங்க சார். நடுவுல பள்ளிக்கூடம் மாத்துனா புள்ளைக்குச் செரமம். ஏப்ரல் கடேசி ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறமுங்க."

"சரிங்க" என்றேன்.

"நீங்களும் வயசுப் பையன். முப்பத்திரண்டெல்லாம் ஒரு வயசுங்களா? நாளைக்கே உங்களுக்கு வேறொண்ணு அமையும். அப்ப இந்தப் பொட்டப்புள்ள நடுவுல நிக்கக்கூடாது பாருங்க."

"சரிங்க."

வளர்மதி சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "புள்ளைக்கு என்ன புடிக்கும், என்ன சேராது, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருங்க சார். எங்களுக்கு அவளப் பத்தி ஒண்ணுந் தெரியாது."

ஷிஃப்ட் மாறும்போது எழுதுவது போல. அது எனக்குத் தெரிந்த வேலை. கோபிக்குப் பக்கத்தில் ஒரு துணை மின்நிலையத்தில் நான் உதவிப் பொறியாளர். ஒருவர் போய் இன்னொருவர் வரும்போது எந்த லைன் ஓடுகிறது, எது நிற்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைப்போம்.

நேத்ரா. வயது ஏழு. இரண்டாம் வகுப்பு. கத்தரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் அரிக்கும். பால் நன்றாக ஆறிய பிறகுதான் குடிப்பாள். அப்பா, அவளுக்கு ஒரு வயதாக இருக்கும்போது லாரி விபத்தில் போய்விட்டார். அம்மா யமுனா, ஜனவரி 14, பொங்கலன்று. மூளையில் ரத்தக் கசிவு. இதெல்லாம் வளர்மதிக்குத் தெரியும். எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

நான் அவளுக்கு என்ன உறவு என்று எழுத வார்த்தை தேடினேன். யமுனா எங்கள் அலுவலக வசூல் கவுண்டரில் கணினி பார்த்தாள். எல்லோரையும் போல என்னை 'சார்' என்பாள். கூட வரும் குழந்தையும் 'சார்' என்றது. இரண்டு வருடத்துக்கு முன் எங்களுக்குக் கல்யாணம் ஆனதும் யமுனா 'ஏங்க' என்று மாறிக்கொண்டாள். குழந்தை மாறவில்லை. "வர்றப்ப வரும், உடுங்க" என்பாள் யமுனா.

போகும்போது தங்கமுத்து படுக்கையறையில் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். ஃபேன் ஓடவில்லை.

"ஏனுங்க, கரண்டு ஆபீசர் ஊட்லயே கரண்டு இல்லீங்களா?"

அவர் மட்டும் சிரித்தார். நேத்ரா புத்தகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜனவரியிலிருந்து அந்த அறைக்கு மட்டும் மின்சாரம் இல்லை. நாங்கள் ஹாலில்தான் படுக்கிறோம். எங்காவது நியூட்ரல் ஒயர் லூசாக இருக்கும். பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 17

காலை இட்லி மூன்று. மதியம் தயிர் சாதம், பாதி திரும்பி வந்தது. இரவு தோசை இரண்டு.

பிப்ரவரி 20

வளர்மதி கவனிக்க: புத்தகப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். எடுத்தால் விழித்துக்கொள்வாள். காரணம் தெரியவில்லை. கேட்கவில்லை.

அழுவதில்லை. நானும்தான்.

துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது. வேண்டியதை அங்கிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். அலமாரி வரை போகும் வேலை மிச்சம்.

பிப்ரவரி 25

பள்ளிக் கையேட்டில் வகுப்பு ஆசிரியை ஹேமலதா சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'பேன் பார்க்கவும்.'

வகுப்பில் ஃபேன் கடகடவென்று அடிப்பதாக நேத்ரா போன வாரமே சொல்லியிருந்தாள். மின்வாரியத்துக்காரன் பிள்ளை என்பதால் என்னிடம் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு, டெஸ்டர், ஸ்பேனர், இரண்டு கெப்பாசிட்டரோடு போனேன். டீச்சர் கரும்பலகையில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த ஃபேனுங்க மேடம்?"

"எந்த ஃபேனா?"

"பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீங்களே."

அவர் என் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார், பிறகு நேத்ராவின் தலையைப் பார்த்தார். சாக்பீஸ் பிடித்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார்... அது தலைப் பேனுங்க."

நாற்பது பிள்ளைகள் சிரித்தன. நேத்ரா சிரிக்கவில்லை, பெஞ்சில் குனிந்துகொண்டாள். வந்ததற்காவது என்று ஒரு மேசை மேல் ஏறி அந்த ஃபேனின் நட்டை இறுக்கிவிட்டு வந்தேன். இப்போது கடகடப்பதில்லை.

வரும் வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "நாளைக்கு எல்லாரும் என்னைய ஸ்பேனருன்னுதான் கூப்புடுவாங்க சார்" என்றாள்.

"என்னையத்தான் கூப்புடுவாங்க."

"ரெண்டு பேரையும் ஒட்டுக்கா கூப்புடுவாங்க."

மார்ச் 2

ஞாயிறு. பேன் மருந்து போட்டு, ஒரு மணி நேரம் ஊற வைத்து, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து சீவினேன். சர்க்யூட் போர்டு பற்றவைக்கும்போது நெற்றியில் மாட்டும் லென்ஸை மாட்டிக்கொண்டேன். ஈர் நன்றாகத் தெரிகிறது. முப்பத்தொன்று.

"அம்மா எண்ண மாட்டாங்க. பட்டுபட்டுன்னு நசுக்கிருவாங்க" என்றாள்.

"எனக்கு எண்ணித்தான் பழக்கம்."

"உங்க தலையிலயும் இருக்கும் சார். ஒரே தலகாணிதானே."

லென்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு என் தலையைப் பார்த்தாள். அவள் மூக்கு வரை இறங்கியது அது. நான்கு என்றாள். யமுனா போனதிலிருந்து என் தலையில் யாரும் கை வைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இதை வளர்மதிக்காக எழுதவில்லை. அடித்துவிடலாம். பிறகு பார்க்கலாம்.

மார்ச் 6

சேலத்திலிருந்து அக்கா போன். "அந்தப் புள்ளைய அவங்க ஆளுங்ககிட்ட ஒப்படைச்சுட்டு இங்க வந்துரு. உனக்கு என்னடா தலையெழுத்து?" சரி என்றேன். எல்லோருக்கும் சரி என்று சொல்லிவிடுகிறேன். பேச்சு சீக்கிரம் முடிகிறது.

மார்ச் 11

நேத்ராவின் பிறந்தநாள் ஃப்ராக்கை எடுக்கப் படுக்கையறைக்குப் போக வேண்டி வந்தது. பள்ளியில் நாளைக்கு எல்லோரும் கலர் டிரெஸ் போடலாமாம்.

ஃபேனுக்கு மூன்று இறக்கை. இரண்டு பளபளக்கின்றன. மூன்றாவதில் ஒரு வருடத்துத் தூசி. அதன் அடியில் ஸ்டூல், ஸ்டூல் மேல் விறைத்துப் போன துணி. எல்லாம் ஜனவரி 12 அன்று எப்படி இருந்ததோ அப்படியே.

அன்று ஞாயிறு. பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள் யமுனா. நான் டூட்டியில் இருந்தேன். பதினொன்றே காலுக்கு நேத்ரா போன் செய்தாள்.

"சார், அம்மா தலை வலிக்குதுன்னு ஒக்காந்தாங்க. எந்திரிக்க மாட்டீங்கறாங்க."

லாக் புத்தகத்தில் நேரம் எழுதிவிட்டுத்தான் கிளம்பினேன். பழக்கம். பதினொன்று பதினேழு. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். அந்த இரண்டு நிமிடத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நான் கேட்டதால் சொன்னார்.

ஃப்ராக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஃபேன் பார்க்க வேண்டும்.

மார்ச் 18

கோர்ட்டுக்கு எதிரில் சண்முகவடிவு என்று ஒரு வக்கீல் அம்மா. ஒரு நண்பருக்காக விசாரித்தேன். மனைவியின் முதல் கல்யாணத்துக் குழந்தை, மனைவி இல்லை, அந்த நண்பர் வளர்க்க முடியுமா என்று.

"வளர்க்கறதுக்கு ஆரு தடுக்கறாங்க? சட்டப்படி மகளாகணும்னா கோர்ட்ல மனு போடோணும். அப்பன் வழி ஆளுங்க சம்மதம் எழுதிக் குடுத்தா வேலை சுலபம். எதிர்த்தாங்கன்னா இழுக்கும்" என்றார். பிறகு, "உங்க நண்பருக்கு விருப்பந்தானுங்களா? அதைய மொதல்ல கேட்டுட்டு வாங்க" என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன்.

மார்ச் 22

சனிக்கிழமை. நேத்ராவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மின்நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். மேசை ஓரத்தில் உட்கார்ந்து படம் வரைந்தாள்.

ஃபோர்மேன் எலியாஸ் காலையில் வாய்க்கால் ரோட்டு லைனுக்கு லைன் கிளியர் எடுத்தார், கம்பியில் உரசும் மரக்கிளை வெட்ட. லைன் கிளியர், நாங்கள் சொல்வது எல்.சி.: கம்பத்தில் ஏறப் போகிறவர் தன் பெயரை எழுதி அந்த லைனை நிறுத்தி வாங்கிக்கொள்வது. வேலை முடிந்து அவரே வந்து திருப்பிக் கொடுக்கும் வரை மின்சாரம் விடக் கூடாது. கலெக்டர் சொன்னாலும் கூடாது. மேலே ஆள் இருக்கும்.

பன்னிரண்டு மணிக்குத் திருப்ப வேண்டியவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ரைஸ்மில்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, நீங்க சம்பளம் வாங்கறது கரண்டு உடறதுக்குங்களா, நிறுத்தறதுக்குங்களா?"

"எல்.சி. திரும்பி வரலைங்க."

"அவன் திலுப்பறதுக்குள்ள நாங்க மில்லைத் திலுப்பிப் போட்டுட்டுப் போயிருவமாட்ட இருக்குது!"

ஒரு மணிக்குத் தகவல் வந்தது. மரத்தில் கதண்டுக் குளவிக் கூடு. எலியாஸைக் கொட்டி, மூஞ்சி வீங்கி, மயக்கமாகி, கூட இருந்தவர்கள் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள்.

நேத்ரா வரைவதை நிறுத்தியிருந்தாள்.

"எடுத்தவங்கதானே சார் திருப்பணும்?"

அவளுக்கு இது தெரியும். வீட்டில் ஒயர் வேலை பார்க்கும்போது பீஸ் கட்டையைப் பிடுங்கி அவள் கையில் கொடுப்பேன். எங்கள் குடியிருப்பு பழசு. இன்னும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான், அறைக்கு ஒன்று; பிடுங்கினால் அந்த அறைக்கு மின்சாரம் போகாது. 'நான் வந்து கேட்டாத்தான் குடுக்கோணும், வேற ஆரு கேட்டாலும் குடுக்காதே' என்று சொல்லியிருக்கிறேன். யமுனாவும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. எடுத்தவங்கதான்."

"அவரு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரே."

"அப்ப வேற ஒருத்தரு பொறுப்பெடுத்துக்கோணும்."

"ஆரு வேணாலும் எடுத்துக்கலாங்களா?"

"ஆரு வேணாலும் முடியாது. லைன் பூராவும் போயிப் பாக்கோணும். எடுத்த வேலை முடிஞ்சுதான்னு பாக்கோணும். மேல ஆரும் இல்லைன்னு தெரிஞ்சுக்கோணும். அப்புறந்தான் பேரு, பதவி எழுதிக் கையெழுத்துப் போடலாம். போட்டுட்டா, அதுக்கப்புறம் என்ன நடந்தாலும் அவருதான் பொறுப்பு."

வண்டியில் இரண்டு பேரும் போனோம். நான்கு கிலோமீட்டர். ஒவ்வொரு கம்பமாக நிறுத்தி அண்ணாந்து பார்த்தேன். பாதி வெட்டிய கிளை ஒன்று தொங்கியது. எலியாஸ் கூட வந்தவர்களில் அங்கேயே நின்றிருந்த இரண்டு பேரை வைத்து வெட்டி இறக்கினேன். நேத்ரா கம்பத்தை எண்ணிக்கொண்டே வந்தாள். "அறுபத்தொண்ணு. ஒருத்தரும் இல்லீங் சார்."

திரும்பி வந்து எழுதினேன். எடுத்தவர்: எலியாஸ், ஃபோர்மேன். திருப்பியவர்: பூபதி, உதவிப் பொறியாளர். அவள் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று கடைசி எழுத்து வரை பார்த்தாள்.

மாலையில் எலியாஸ் போன். "சார், மூஞ்சி இட்லியாட்ட ஆயிருச்சுங்க. எம் பொண்டாட்டியே ஆருங்க நீங்கன்னு கேக்கறா."

மார்ச் 23

எலியாஸ் நாளை வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நேத்ராவிடம் சொன்னேன். "அவரு வந்துருவாரு" என்றாள். கேள்வியா, என்ன என்று தெரியவில்லை. பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

ஏப்ரல் 3

காய்ச்சல். 101. பாரசிட்டமால் சிரப், ஐந்து மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. ரசம் சாதம் நான்கு வாய். லீவு போட்டேன்.

ஏப்ரல் 4

99. பிஸ்கட் கேட்டாள். வாங்கப் போனபோது கடையில் யமுனாவுக்குப் பிடித்த கடலை மிட்டாயையும் எடுத்து, கல்லா வரை கொண்டு போய், திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 8

வக்கீல் அம்மா மனு எழுதி வைத்திருப்பதாகப் போன் செய்தார். போய் வாங்கி வந்தேன். பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். சம்மதக் கடிதத்தில் தங்கமுத்து கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டியிருக்கிறார்.

ஏப்ரல் 17

பரீட்சை முடிந்தது. கணக்கில் ஒரு கழித்தலில் கடன் வாங்க மறந்துவிட்டாளாம். பெரியப்பா வர இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். பத்து என்றேன். விரலில் எண்ணிச் சரிபார்த்தாள்.

தங்கமுத்துவுக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் "என்னங் சார்?" என்றார். தறிச் சத்தம் கேட்டது. "சும்மாங்க" என்றேன்.

ஏப்ரல் 20

ஞாயிறு. மதியம் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நேத்ரா சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் நான்கு கோட்டு நோட்டு. இன்னொரு கையில், பாவாடைத் துணியில் சுற்றிப் பிடித்து, வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டை.

அறுபத்து மூன்று நாளாகப் பார்க்க வேண்டும், பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது பீஸ் பெட்டி. ஒரு நாள் கதவைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும், படுக்கையறைக் கட்டை அதில் இல்லை என்று. நான் மின்சாரம் படித்தவன்.

"எங்கிருந்தது இது?"

"என்ற பையில. அம்மா ஃபேன் தொடைக்கறப்ப எங்கிட்டக் குடுத்தாங்க. நான் வந்து கேட்டாத்தான் குடுக்கோணும்னாங்க." கட்டையைத் துணிக்குள் திருப்பிப் பிடித்தாள். "அம்மா கேக்க மாட்டாங்கல்ல சார்?"

குழாயை மூடினேன்.

"மாட்டாங்க."

"அம்மா செத்துட்டாங்கல்ல."

"ஆமா கண்ணு."

யாரும் இதுவரை அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

"பெரீப்பா ஊட்டுக்குக் கொண்டுபோனா இங்க ஃபேனே ஓடாது. அதுனால நீங்க பொறுப்பெடுத்துக்கோங்க. ஆனா மொதல்ல போயிப் பாக்கோணும்."

நோட்டைத் திறந்து காட்டினாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி 12.1. எடுத்தவர், அம்மா. வேலை, பேன் துடைக்க. ஃ விட்டுப் போயிருந்தது. திருத்தவில்லை. திருப்பியவர் என்ற இடம் காலி.

பெட்டியிலிருந்து ஆரம்பித்தோம். ஒயர் போகும் வழியெல்லாம் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஹால் வழியாகப் படுக்கையறைக்குள் போனோம். அவள் விடவில்லை, சுவிட்ச் போர்டுக்கு அடியிலும் குனிந்து பார்க்கச் சொன்னாள்.

"வேலை முடிஞ்சுதான்னு பாருங்க."

முடியவில்லை. மூன்றாவது இறக்கை.

விறைத்த துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தாள். ஸ்டூலில் ஏறித் துடைத்தேன். முதல் துடைப்பில் தூசி சேறாக வந்தது. மூன்று முறை அலசிக் கொடுத்தாள். இறக்கையின் ஓரத்தில் யமுனாவின் விரல் தடம் ஒன்று இருந்தது, தூசியில் பதிந்து. ஏறியதும் பிடித்துக்கொண்ட இடம் போல. அதையும் துடைத்தேன். துடைக்காமல் வேலை முடியாது.

"மேல ஆரும் இல்லீங்களே?" கீழே இருந்து கேட்டாள், விதிமுறைப்படி.

"ஆரும் இல்ல" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

"சார். நீங்கதான் மேல நிக்கறீங்க. எறங்குங்க."

இறங்கினேன். கட்டிலில் உட்கார்ந்து நோட்டில் பூபதி என்று எழுதினேன்.

"பதவி?"

"உதவிப் பொறியாளர்னு போடட்டுமா?"

"அது ஆபீசுல. இது ஊட்டு எல்.சி."

"அப்ப என்ன போடறது?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுதி முடிக்கும் வரை திரும்பவில்லை.

மூன்று எழுத்துதான். எழுத நேரம் எடுத்தது.

பிறகு கட்டையைக் கொடுத்தாள். வேர்வையில் வழுக்கியது. மாட்டினேன். ஃபேன் முதலில் முனகி, பிறகு சுற்றியது. இரண்டு பேரும் கட்டிலில் மல்லாந்து படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அழுதாள். ஜனவரிக்குப் பிறகு முதல் முறை. நிறுத்தச் சொல்லவில்லை.

சாயங்காலம் பால் வாங்க மறந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை.

ஏப்ரல் 21

பையைத் தலைமாட்டில் வைக்கவில்லை.

ஏப்ரல் 27

பத்து மணிக்கு வந்தார்கள். வளர்மதி புது ஃப்ராக் கொண்டுவந்திருந்தார். தங்கமுத்து கையில் காலி சூட்கேஸ். டீ வைத்தேன்.

"புள்ளை துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுட்டீங்ளா சார்?"

"இல்லீங்க."

"நாங்களே எடுத்து வெச்சுக்கறோம், அதுக்கென்ன."

"அனுப்பலைங்க" என்றேன்.

காலையிலிருந்து பேச ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

தங்கமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். "பேசுன பேச்சு என்னங் சார் ஆச்சு? எந் தம்பி ரத்தமுங்க அது."

"ஆமாங்க."

"நாளைக்கு உங்களுக்கு ஒரு கண்ணாலம் ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா, வர்றவங்க இவ இருக்கற ஊட்டுக்குத்தான் வரோணுமுங்க."

"நல்லா இருக்குதே நாயம்! தனி ஆம்பளை, பொட்டப்புள்ளைய வெச்சுக்கிட்டு. ஊரு நாலும் பேசுமுங்க."

வளர்மதி குறுக்கே வந்தார். "அதைய உடுங்க. சார், நாளைக்கு அவ பெரிய மனுஷி ஆவா. அன்னிக்கு என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க பாக்கலாம்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "உங்களுக்குப் போன் பண்ணுவனுங்க."

வளர்மதி முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். சிரிப்பதா என்று யோசிப்பது தெரிந்தது. "பண்ணுனா ஒடனே பஸ்ஸேறிருவன், அது வேற" என்றார், என்னிடம் இல்லை, டம்ளரிடம்.

பிரிட்ஜ் மேலிருந்து காகிதத்தை எடுத்துத் தங்கமுத்து முன் வைத்தேன். மார்ச் 18இல் ஒரு நண்பர் என்று எழுதியிருக்கிறேன். நண்பர் யாரும் இல்லை.

அவர் அதைப் படிக்கவில்லை. எழுந்து படுக்கையறைக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. அதன் கீழே சூட்கேஸோடு நின்றார். அங்கிருந்தே பேசினார்.

"எந் தம்பி போனப்பறம் நாங்க இந்தப் புள்ளைய எட்டிப் பாக்கலீங்க. யமுனா உங்களைக் கட்டிக்கிட்டான்னு கோவம் வேற. இப்பக் கூட்டிட்டுப் போயி நல்லா வளத்துட்டா, அந்தப் பாவம் தீந்துரும்னு நெனச்சனுங்க."

"வந்து பாத்துட்டே இருங்க. தீரும்."

அவர் நேத்ராவைக் கூப்பிட்டார். "நீ என்ன கண்ணு சொல்ற?"

அவள் உள்ளே ஓடி நான்கு கோட்டு நோட்டோடு வந்தாள். புதுக் கோடு போட்டிருந்தாள்.

"லீவுக்கு வர்றனுங்க பெரீப்பா. ஆனா எல்.சி. எழுதோணும். நீங்க கூட்டிட்டுப் போனா நீங்கதான் கொண்டாந்து உடோணும். பெரீம்மா வந்து உட்டாச் செல்லாது. டிரைவர் உட்டாலும் செல்லாது."

"என்னடி இது, போலீசுக் கேசாட்ட!" என்றார் வளர்மதி.

தங்கமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை வாங்கினார். எடுத்தவர், பெரியப்பா. வேலை, லீவு. திருப்ப வேண்டிய தேதி, 11.5. கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தவர், அதற்கு மேல் வரியைப் பார்த்துவிட்டார். ஜனவரி 12 வரி. திருப்பியவர் பெயரையும் பதவியையும் விரல் வைத்துப் படித்தார். படித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

பிறகு இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்று நோட்டில். இன்னொன்று பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில்.

"பதினொண்ணாந் தேதி நானே கொண்டாந்து உடறேன்" என்றார். "சரீங்ளா தம்பி?"

இதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

கிளம்பும்போது வளர்மதி, "அந்த நோட்டு எழுதி வெச்சீங்களாங்க?" என்று கேட்டார். இந்த நோட்டைத்தான் சொன்னார். எழுதினேன், இன்னும் முடியவில்லை என்றேன். கத்தரிக்காய், ஆறின பால், காய்ச்சல் மருந்து அளவு மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பேன் பார்க்கவும் என்றும் எழுதினேன். 'தலை' என்று அடைப்புக்குறியில் சேர்த்தேன்.

நேத்ரா அவர்கள் வண்டியில் ஏறிக்கொண்டு, "சார், துணியை மடிச்சு வெய்யுங்க. கொடியிலயே உட்றாதீங்க" என்றாள்.

ஏப்ரல் 28

துணி மடித்தேன். அலமாரியில் வைத்தேன்.

மதியம் சாப்பிட வந்து படுக்கையறையில் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் ஓடவில்லை. நியூட்ரல் லூசாக இருக்கும் என்று நினைக்கவில்லை. நேராகப் போய்ச் செருப்பு ஸ்டாண்டை நகர்த்திப் பெட்டியைத் திறந்தேன். படுக்கையறைக் கட்டை இருக்க வேண்டிய இடம் காலி.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். நாற்பது டிகிரி. அந்த அறையில்தான் படுக்கிறேன். பாய் நனைந்துவிடுகிறது.

எலியாஸ் சாவி வாங்க வந்தார். மூஞ்சி பழையபடி ஆகிவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்து, "என்னங் சார், அடுப்புக்குள்ள குடியிருக்கறீங்க? ஸ்டோர்ல கட்டை சும்மாதான கெடக்குது. ஒண்ணு கொண்டாந்து மாட்டட்டுங்களா?" என்றார்.

"வேண்டாம். லைன் எல்.சி.ல இருக்குது."

"ஊட்டுக்குள்ள எல்.சி.யா? ஆருங் சார் எடுத்தது?"

"எம் பொண்ணு" என்றேன்.